கடையில் கிடைக்காத கார்

2010 மார்ச்சில் பஹ்ரைன் கிராண்ட் பிரியின் தகுதிச் சுற்றுக்குக் கருண் சந்தோக் தன் காரை வெளியே எடுத்தபோது, அந்தக் கார் அதற்கு முன் ஒரு சுற்றுகூட ஓடியிருக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமை காலையும் நடந்த மூன்று பயிற்சி நேரங்களும் காரைப் பூட்டுவதிலேயே கழிந்தன. சென்னைக்காரரான அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதன்முதலாகக் கால் வைத்த நாள் அது. பிரேக் எவ்வளவு பிடிக்கும், டயர் எப்போது சூடாகும், ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கும் என்று எதுவும் தெரியாமல் அவர் கடிகாரத்தோடு போட்டியிட வேண்டியிருந்தது. முன்வரிசையில் நின்றவர்களைவிட ஏறத்தாழ பத்து வினாடி பின்தங்கி, கடைசி இடத்தில் தகுதி பெற்றார். மறுநாள் பந்தயத்தின் இரண்டாவது சுற்றிலேயே கார் தடத்தை விட்டு விலகியது.

பத்து வினாடி என்பது ஃபார்முலா ஒன்னில் கணக்கில் அடங்காத தூரம். அங்கே ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்காக நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் ஆண்டு முழுவதும் உழைக்கிறார்கள். ஆனாலும் சந்தோக் ஓட்டிய கார் ஏதோ தெருமுனைப் பட்டறையில் செய்ததல்ல. ஹிஸ்பானியா என்ற அந்த ஸ்பானிய அணிக்குச் சேசிஸ் செய்து கொடுத்தது இத்தாலியின் டல்லாரா. அப்போது அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில் ஓடிய எல்லாச் சேசிஸும் அந்த நிறுவனத்தின் தயாரிப்புதான். எஞ்சின் காஸ்வொர்த்துடையது. அதே எஞ்சினை வில்லியம்ஸ் அணியும் அந்த ஆண்டு பயன்படுத்தியது. சக ஓட்டுநர் அயர்டன் சென்னாவின் மருமகன் புரூனோ சென்னா. பெயர்கள் எல்லாம் பெரிய பெயர்கள். பிறகு ஏன் இப்படி ஆயிற்று?

புது அணிக்குப் போட்டியிடத் தகுந்த கார் கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் பணம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவார்கள். பணம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றைப் பார்த்தால், புது அணிகளைச் சாய்த்தவற்றில் முதன்மையானது காலம் என்றே நான் கருதுகிறேன். அனுபவம் சேர்வதற்கு வேண்டிய காலம். அதைக் கடன் வாங்க ஒருகாலத்தில் வழி இருந்தது. பின்னர் விதிகள் அந்த வழியை அடைத்தன.

1950களிலும் 60களிலும் பந்தயக் காரை விலைக்கு வாங்க முடிந்தது. விஸ்கி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ராப் வாக்கர் என்ற ஆங்கிலேயர் கார் எதையும் தயாரிக்காமல் வாங்கிய கார்களைக் கொண்டே அணி நடத்தினார். அவருடைய கூப்பர் காரில் ஸ்டிர்லிங் மாஸ் 1958-இல் அர்ஜென்டினாவில் வென்றார். 1961-இல் மொனாக்கோவில் அவருடைய லோட்டஸ் காரில், எஞ்சின் வலுவில் மிஞ்சி நின்ற ஃபெராரிகளைத் தோற்கடித்தார். 1968-இல் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் ஜோ சிஃபர்ட்டும் வாக்கருக்காக வென்றார்.

1967-இல் காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சின் வந்தது. அடுத்த ஆண்டே அது 7,500 பவுண்டு விலையில் மற்றவர்களுக்கும் கிடைத்தது. அந்த எஞ்சினையும் ஹ்யூலண்ட் கியர்பாக்ஸையும் வாங்கி, அலுமினியத் தகட்டில் ஒரு சேசிஸ் செய்துகொண்டால் யாரும் உலகப் போட்டியில் நிற்கலாம் என்ற நிலை உண்டானது. 1983 வரை அந்த எஞ்சின் 155 பந்தயங்களை வென்றது. எஞ்சின் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதால் புதியவர் சேசிஸ் ஒன்றைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். சேசிஸையும் வாங்கலாம். 1969-இல் தொடங்கிய மார்ச் என்ற நிறுவனம் காசு கொடுத்தவர்களுக்கெல்லாம் கார் விற்றது. கென் டிரெல் அதில் ஒன்றை வாங்கினார், 1970-இல் ஜாக்கி ஸ்டூவர்ட் அதிலேயே ஸ்பெயினில் வென்றார். வாங்கிய கார் வெளியே ஓடிக்கொண்டிருக்க, டிரெல் உள்ளே ரகசியமாகத் தன் சொந்தக் காரை வடிவமைக்கச் செய்தார். அடுத்த ஆண்டு அந்தச் சொந்தக் காரிலேயே ஸ்டூவர்ட் உலகச் சாம்பியன் ஆனார்.

ஃப்ராங்க் வில்லியம்ஸின் கதையும் அதே தடத்தில் செல்வது. 1977-இல் புதிதாக அணி தொடங்கியபோது அவர் பழைய மார்ச் கார் ஒன்றை வாங்கிப் பந்தயத்துக்கு அனுப்பினார். பக்கத்தில் பாட்ரிக் ஹெட் சொந்தக் காரை வரைந்துகொண்டிருந்தார். 1978-இல் அது களம் கண்டது. 1979-இல் வில்லியம்ஸ் அணிக்கு முதல் வெற்றி, 1980-இல் ஆலன் ஜோன்ஸுக்கு உலகப் பட்டம். முதல் ஆண்டு அவர் வாங்கிய கார் வெற்றி தரவில்லை. ஆனால் பந்தய வார இறுதியை எப்படி நடத்துவது, மெக்கானிக்குகளை எப்படிப் பழக்குவது, பணம் தரும் விளம்பரதாரருக்கு எதைக் காட்டுவது என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள அந்த அணிக்கு ஓராண்டு கிடைத்தது.

1981-இல் அணிகளும் நிர்வாக அமைப்புகளும் கையெழுத்திட்ட கன்கார்ட் உடன்படிக்கை இந்த வழியை மூடியது. போட்டியிடும் ஒவ்வோர் அணியும் தன் சேசிஸைத் தானே உருவாக்க வேண்டும், அதன் வடிவமைப்பு உரிமை அணியிடமே இருக்க வேண்டும் என்ற கொள்கை நிலைபெற்றது. இதற்கு நியாயம் உண்டு. ஃபார்முலா ஒன்னில் ஓட்டுநர்களுக்கு ஒரு பட்டம், கார் தயாரிப்பாளர்களுக்கு ஒரு பட்டம். ஆளுக்கொரு கார் வாங்கி ஓட்டினால் இரண்டாவது பட்டத்துக்குப் பொருள் இராது. சொந்தமாக வடிவமைக்கப் பணத்தைக் கொட்டும் நடுத்தர அணி, வாங்கி ஓட்டும் அணியிடம் தோற்றால் அதன் பரிசுப் பணமும் பறிபோகும்.

அந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை என்பதை 2006 முதல் 2008 வரை நடந்தவை காட்டின. ஜப்பானின் சூப்பர் அகுரி அணி 2006 பருவத்துக்கான அனுமதியைச் சில வாரங்களுக்கு முன்னர்தான் பெற்றது. வேறு வழியின்றி, 2002-இல் அரோஸ் அணி ஓட்டிய சேசிஸைத் தேடிப்பிடித்துத் திருத்தி ஓட்டியது. நான்கு ஆண்டு பழைய அந்தக் கார் கடைசி வரிசையை விட்டு நகரவில்லை. 2007-இல் ஹோண்டாவின் முந்தைய ஆண்டுக் காரை அடிப்படையாகக் கொண்ட சேசிஸ் கிடைத்ததும் அதே அணியின் ஓட்டுநர் தகுமா சாத்தோ கனடாவில் அப்போதைய உலகச் சாம்பியன் அலோன்சோவை முந்தி ஆறாவது இடம் பிடித்தார். அந்தப் பருவத்தின் முதல் பாதியில் புள்ளிப் பட்டியலில் ஹோண்டாவைவிட மேலே நின்றது சூப்பர் அகுரி.

இன்னும் வலுவான சான்று இத்தாலியின் ஃபயென்சா ஊரில் இருக்கிறது. அங்கே மினார்டி என்ற சிறிய அணி 1985 முதல் 2005 வரை 21 பருவங்கள் போராடி மொத்தம் 38 புள்ளிகள் எடுத்தது. ஒருமுறைகூட முதல் மூன்று இடங்களுக்குள் வரவில்லை. அதை ரெட் புல் வாங்கி டோரோ ரோசோ என்று பெயர் மாற்றியது. 2008-இல் ரெட் புல் தொழில்நுட்பப் பிரிவு வடிவமைத்த காரில், ஃபெராரி எஞ்சினுடன், செபாஸ்டியன் வெட்டல் மோன்சா மழையில் வென்றார். அந்த ஒரே பருவத்தில் டோரோ ரோசோ 39 புள்ளிகள் பெற்றுத் தாய் அணியான ரெட் புல்லுக்கு மேலே முடித்தது. பட்டறை அதே பட்டறைதான், ஆட்களிலும் பலர் பழையவர்கள். நல்ல கார் கைக்கு வந்தால் சிறிய அணி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையே டேவிட் ரிச்சர்ட்ஸின் புரோடிரைவ் நிறுவனம் 2008 பருவத்துக்கு இடம் பெற்றிருந்தது. மெக்லாரனிடமிருந்து கார் வாங்கி ஓட்டுவது திட்டம். அதற்கு எதிராகச் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று நின்றது வில்லியம்ஸ். 2007 நவம்பரில் புரோடிரைவ் விலகிக்கொண்டது. வாங்கிய மார்ச் காரில் தொடங்கி ஒன்பது தயாரிப்பாளர் பட்டங்கள் வரை உயர்ந்த அணி, அடுத்தவர் அதே படியில் ஏறுவதைத் தடுத்தது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. வில்லியம்ஸின் நிதிநிலையை எண்ணினால் அவர்கள் அச்சம் புரிகிறது. ஆனால் விளையாட்டுக்கு அது இழப்பு. 2010 முதல் டோரோ ரோசோவும் தன் காரைத் தானே செய்ய வேண்டியதாயிற்று.

ஆக 2010-இல் வந்த புதியவர்களுக்கு வாங்கும் வழி இல்லை. செய்யும் வழி மட்டுமே. அதற்குக் கிடைத்த அவகாசத்தைப் பாருங்கள். உலக மோட்டார் பந்தயங்களைக் கட்டுப்படுத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, ஆண்டுக்கு 40 மில்லியன் பவுண்டு செலவு வரம்பு வரப்போகிறது என்று சொல்லிப் புது அணிகளை அழைத்தார். 2009 ஜூனில் மூன்று அணிகளுக்கு இடம் கிடைத்தது. அதே மாதத்திலேயே, பிரிந்துபோய்த் தனிப் போட்டி நடத்துவோம் என்று பெரிய அணிகள் மிரட்ட, செலவு வரம்பு கைவிடப்பட்டது. பி.எம்.டபிள்யூ. விலகியதால் காலியான இடத்தில் செப்டம்பரில் லோட்டஸ் என்ற பெயரில் டோனி ஃபெர்னாண்டஸின் மலேசிய அணி சேர்க்கப்பட்டது. முதல் பந்தயம் அடுத்த மார்ச்சில். ஒரு பெரிய அணி அடுத்த ஆண்டுக் காரின் வேலையை அதற்கு ஓராண்டுக்கும் முன்பே தொடங்கிவிடும். அந்த அணிக்கு ஏற்கெனவே காற்றுச் சுரங்கம், ஆயிரக்கணக்கான சோதனைகளின் தரவு, ஒன்றாக வேலை செய்து பழகிய சில நூறு பேர் உண்டு. புதியவர்களுக்கு இவை எல்லாவற்றையும் காரோடு சேர்த்து ஆறு முதல் ஒன்பது மாதத்தில் கட்ட வேண்டியிருந்தது. 2009-லிருந்து பருவத்தின் நடுவே சோதனை ஓட்டம் செய்யவும் தடை வந்துவிட்டதால், தவறிப்போன பாடத்தை ஓடி ஓடிக் கற்கும் வாய்ப்பும் இல்லை.

விளைவு வெவ்வேறு விதமாக வெளிப்பட்டது. அமெரிக்காவின் யு.எஸ்.எஃப்1 அணி காரை முடிக்கவே இல்லை, பந்தயத்துக்கு வரவும் இல்லை. வர்ஜின் அணியின் வடிவமைப்பாளர் நிக் வர்த் காற்றுச் சுரங்கத்தையே தவிர்த்து, கணினிக் கணிப்பை மட்டும் நம்பிக் கார் வரைந்தார். செலவைக் குறைக்க அது துணிச்சலான வழி. ஆனால் அந்த ஆண்டு பந்தயத்தின் நடுவே எரிபொருள் நிரப்பத் தடை வந்திருந்தது. முழுப் பந்தயத்துக்கான எரிபொருளையும் தொடக்கத்திலேயே சுமக்க வேண்டும். வர்ஜினின் தொட்டியோ சில பந்தயங்களை முடிக்கும் அளவுக்குப் போதவில்லை. சேசிஸையே நீட்டித்துச் செய்ய எஃப்.ஐ.ஏ.விடம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. கணினிக் கணிப்பு தடத்தில் மெய்ப்படுகிறதா என்று சரிபார்க்கப் பழைய கார் ஒன்றின் தரவு வேண்டும். பழைய கார் இல்லாதவருக்கு அது எங்கிருந்து வரும்?

ஹிஸ்பானியாவின் பாடு இன்னும் மோசம். அணியைத் தொடங்கிய அட்ரியன் காம்போஸின் பண ஏற்பாடு குலைந்தது. டல்லாராவின் வேலை நின்று நின்று நடந்தது. பருவத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அணி கைமாறியது. மே மாதத்தில் டல்லாராவுடனான உறவும் முறிந்தது. காரை வரைந்தவர்களே விலகிய பிறகு அதை யார் மேம்படுத்துவது? பெரிய அணிகள் பந்தயத்துக்குப் பந்தயம் புதிய இறக்கை, புதிய தரைத்தகடு என்று கொண்டுவந்தபோது ஹிஸ்பானியா பிறந்த நாள் நிலையிலேயே ஓடியது. 2011-இல் அந்த அணியில் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் சேர்ந்தார். புதுக் கார் பருவத்துக்கு முந்தைய சோதனைகளில் ஓடவே இல்லை. அந்த ஆண்டு 107 சதவீத விதி திரும்பியிருந்தது. முதல் தகுதிச் சுற்றில் மிக வேகமானவர் 100 வினாடி எடுத்தால் மற்றவர்கள் 107 வினாடிக்குள் முடிக்க வேண்டும். மெல்போர்னில் அணியின் இரண்டு கார்களும் அதற்குள் வரவில்லை, பந்தயத்தில் நிற்க முடியவில்லை. 2012 மெல்போர்னிலும் அதுவே நடந்தது. அந்த ஆண்டின் முடிவில் அணியே மறைந்தது. நரேனின் வேகம் போதவில்லை என்று அன்று இங்கே பலர் பேசினார்கள். ஓட்டத் தொடங்குவதற்கு முன்பே தீர்ந்துபோன விஷயத்துக்கு ஓட்டுநர் மேல் பழி போட்டது அநியாயம்.

தயாரிப்பு அனுபவம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், அதற்கும் ஒரு பழைய பதில் உண்டு. பல பந்தய வகைகளுக்குக் கார் விற்றுப் பெயர்பெற்ற லோலா நிறுவனம் 1997-இல் சொந்த அணியாக வந்தது. விளம்பரதாரரின் அவசரத்துக்காக ஓராண்டு முன்கூட்டியே களமிறங்கியது. காற்றுச் சுரங்கச் சோதனை இல்லாமலே கார் மெல்போர்ன் போனது. இரண்டு ஓட்டுநர்களும் முதலிடத்தைவிடப் பதினொன்று, பன்னிரண்டு வினாடி பின்தங்கினார்கள். அடுத்த பந்தயத்துக்கு முன் அணி கலைந்தது. பணம் மட்டும் இருந்தால் போதுமா என்பதற்கு டொயோட்டா சாட்சி. உலகின் மிகப்பெரிய கார் நிறுவனங்களில் ஒன்று, ஓராண்டு முழுக்கச் சோதனை ஓட்டம் நடத்திவிட்டு 2002-இல் வந்து, 2009-இல் ஒரு வெற்றியும் இல்லாமல் திரும்பியது.

2010-இல் வந்த அணிகளில் யாரும் 2014 வரை ஒரு புள்ளி எடுக்கவில்லை. அந்த ஆண்டு மொனாக்கோவில், வர்ஜினிலிருந்து மருசியா என்று பெயர் மாறியிருந்த அணிக்கு ஜூல்ஸ் பியாங்கி ஒன்பதாம் இடம் பிடித்து இரண்டு புள்ளிகள் பெற்றுத் தந்தார். அதே அணி மேனர் என்ற பெயரில் 2016-இல் ஒரு புள்ளியுடன் பத்தாம் இடத்தில் நின்றது. பருவம் முடிய ஒரு பந்தயமே இருக்கையில், பிரேசில் மழையில் சாபர் அணி ஒன்பதாவதாக வந்து இரண்டு புள்ளி எடுத்தது. மேனர் பதினோராம் இடத்துக்கு இறங்கியது. அப்போது பரிசுப் பணத்தில் பெரும் பங்கு பத்தாம் இடத்தோடு நின்றுவிடும். இரண்டு மாதத்தில், 2017 ஜனவரியில், அணி மூடப்பட்டது.

இத்தனை தோல்விக்கும் நடுவே ஒரு விதிவிலக்கு ஹாஸ். எந்திரக் கருவி தயாரிப்பாளரும் நாஸ்கார் அணி உரிமையாளருமான ஜீன் ஹாஸுக்கு 2014 ஏப்ரலில் உரிமம் கிடைத்தது. 2015-இல் இறங்கலாம் என்றிருந்தும் அவர் 2016 வரை தள்ளிப்போட்டார். அதைவிட முக்கியம், விதியை அவர் படித்த விதம். உயிர்காப்புக் கூடு, மோதல் தாங்கும் மூக்கு, உடலின் காற்றியக்க வடிவம் முதலியவற்றைத்தான் அணி தானே உருவாக்கியாக வேண்டும் என்றது விதி. பட்டியலில் இல்லாத மீதியை வாங்கலாம். எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் ஃபெராரியிடமிருந்து வந்தன. சேசிஸ் வேலைக்கு டல்லாரா. மூடப்பட்ட மருசியாவின் இங்கிலாந்துக் கட்டடத்தையும் ஹாஸ் வாங்கினார். முதல் பந்தயத்திலேயே ரோமன் குரோஷான் ஆறாம் இடம், அடுத்த பந்தயத்தில் ஐந்தாம் இடம். முதல் ஆண்டில் 29 புள்ளிகள், எட்டாம் இடம். 2018-இல் ஐந்தாம் இடம். ஹிஸ்பானியாவுக்குச் சேசிஸ் செய்த அதே டல்லாராதான் இங்கும். அவகாசமும் அனுபவமிக்க துணையும் சேர்ந்தபோது முடிவு மாறியது.

மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பந்தயத்தில் சேராத நாட்களில் ஹாஸுக்குக் காற்றுச் சுரங்க வரம்பு பொருந்தாது என்பதைப் பயன்படுத்தி ஃபெராரி மறைமுகமாக ஆதாயம் பெறலாம் என்று சந்தேகித்து, 2015 இறுதியில் மெர்சிடிஸ் விளக்கம் கேட்டது. விதி இறுகியது. 2020-இல் ரேசிங் பாயிண்ட் அணி மெர்சிடிஸின் பிரேக் காற்றுக்குழாய் வடிவத்தைப் பயன்படுத்தியதற்கு 4 லட்சம் யூரோ அபராதமும் 15 புள்ளி இழப்பும் விழுந்தன. அதன்பின் படம் எடுத்தும் அளந்தும் அடுத்தவர் காரை அப்படியே படியெடுப்பதும் தடையானது. ஒரு வழி தெரிந்ததும் அதை அடைப்பதே வழக்கமாகிவிட்டது.

மற்ற பந்தய உலகங்களில் நிலைமை வேறு. நடிகர் அஜித்குமார் தொடங்கிய அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் போர்ஷே 992 பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அந்தப் பிரிவில் எல்லோரும் ஓட்டுவது தொழிற்சாலை தயாரித்து விற்கும் ஒரே மாதிரிக் கார். புது அணியும் பழைய அணியும் ஒரே காரில் நிற்கின்றன. வேறுபாடு ஓட்டுநரிலும் அணியின் வேலைத் திறனிலும். கோவையில் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைச் செய்ததும் இதே எண்ணத்தில்தான். நரேன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது அவ்வகைக் காரில். குறைந்த விலையில் ஒரே மாதிரிக் கார் கிடைத்திருக்காவிட்டால் இந்தப் பக்கத்தில் எத்தனை பேர் பந்தயத் தடத்தை எட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஃபார்முலா ஒன்னும் 2021 முதல் மாறியிருக்கிறது. 145 மில்லியன் டாலர் செலவு வரம்பு வந்தது. 2022 முதல் காற்றுச் சுரங்க நேரத்தில் முதலிடக்காரருக்கு 70 சதவீதம், பத்தாம் இடக்காரருக்கு 115 சதவீதம் என்று ஏணி வைத்தார்கள். கடைசியில் இருப்பவருக்குக் கற்கும் காலத்தைக் கூட்டித் தரும் இந்த விதியை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் இது உள்ளே இருப்பவர்களுக்கு. வாசலில் நிற்பவர் முதலில் மற்ற அணிகளின் பங்கு குறைவதை ஈடுகட்ட 200 மில்லியன் டாலர் கட்ட வேண்டும் என்றது அதே காலத்து உடன்படிக்கை. இதனால் ஆடி நிறுவனம் சாபரை வாங்கி உள்ளே வந்தது. பழைய அணியை வாங்கினால் காற்றுச் சுரங்கமும் ஆட்களும் தரவும் கூடவே வரும்.

அப்படி வாங்காமல் புதிதாக நுழைய முயன்றது ஆண்ட்ரெட்டி குடும்பம். 2023 அக்டோபரில் எஃப்.ஐ.ஏ. ஒப்புதல் தந்தது. 2024 ஜனவரியில் வணிக உரிமை வைத்திருக்கும் ஃபார்முலா ஒன் நிறுவனம் மறுத்தது. புதியவர் ஒருவர் 2025-க்கு ஒரு விதிப்படியும் 2026-க்கு மாறிய விதிப்படியும் அடுத்தடுத்து இரண்டு கார் கட்டிப் போட்டியிட முடியாது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் முன்னின்று காடிலாக் என்ற பெயரில் 2026 பருவத்துக்கு இடம் உறுதியானது 2025 மார்ச்சில்தான். முதல் ஆண்டுகளுக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் ஃபெராரியுடையவை. அணியின் தலைவர் கிரேம் லவுடன், 2010-இல் வர்ஜின் அணியின் நிர்வாகத் தலைமையில் இருந்தவர். மறுப்பு வந்த பிறகும் சில்வர்ஸ்டோனில் ஆள் எடுப்பதும் கார் வரைவதும் நிற்கவில்லை. 2025 நவம்பரில் இமோலாவில் இரண்டாண்டுப் பழைய ஃபெராரி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்டி, மெக்கானிக்குகளைப் பழக்கினார்கள். அனுமதி வருமா என்று தெரியாமலே பெரும் பணத்தைச் செலவிட ஜெனரல் மோட்டார்ஸால் முடிந்தது. எல்லோராலும் முடியாது.

அதனால் ஒரு மாற்றம் வேண்டும் என்பேன். புதிதாக வரும் அணி முதல் இரண்டு பருவங்களுக்கு இன்னோர் அணியின் முந்தைய ஆண்டுக் காரை வாங்கி ஓட்டலாம். அந்த இரண்டு ஆண்டுகளில் தயாரிப்பாளர் புள்ளிகளும் பரிசுப் பணமும் அதற்குக் கிடையாது. மூன்றாம் ஆண்டில் சொந்தக் காரோடு வர வேண்டும், இல்லையேல் விலக வேண்டும். விதிகள் அடியோடு மாறும் ஆண்டில் பழைய கார் பொருந்தாது, ஆகவே அத்தகைய ஆண்டில் நுழைவு கூடாது. பரிசுப் பணத்தில் பங்கு கேட்காத அணியால் மற்றவர்களுக்கு நட்டம் இல்லை. 2007-இல் புரோடிரைவுக்கு எதிராக வைக்கப்பட்ட வாதம் இதற்குப் பொருந்தாது.